415 லட்சம் கோடியும் நூறு நாள் தண்டலும்

2024 மே மாதம் மும்பைப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் மொத்த மதிப்பு முதன்முறையாக 5 லட்சம் கோடி டாலரைத் தாண்டியது. ரூபாயில் சொன்னால் ஏறக்குறைய 415 லட்சம் கோடி. நாடு முழுக்க ஓராண்டில் விளைந்தது, செய்தது, விற்றது எல்லாவற்றின் மதிப்பையும் கூட்டினால் வருகிற ஜிடிபியைப்போல இது சுமார் 1.4 மடங்கு.

அதே மாதம் சென்னையில் தள்ளுவண்டியில் பழம் விற்கிற ஒருவர் சரக்கெடுக்கத் தண்டல் வாங்கியிருப்பார். தண்டல் கணக்கு அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். எழுதுவது 10,000 ரூபாய், கையில் தருவது 9,000. தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாளில் அடைக்க வேண்டும். ஆயிரம் ரூபாய்தானே கூடப்போகிறது, பத்து வட்டிதானே என்று தோன்றும். ஆனால் வாங்கிய மறுநாளே அசல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. நூறு நாளிலும் சராசரியாக அவரிடம் இருக்கிற கடன் சுமார் 4,500 ரூபாய்தான். அதற்கு மூன்றேகால் மாதத்தில் ஆயிரம் ரூபாய் வட்டி. ஆண்டுக் கணக்காக மாற்றினால் 75 சதவீதத்தைத் தாண்டுகிறது. வீட்டுக்கடன் வாங்குகிறவர் அரை சதவீதம் கூடினாலே வங்கி மாறப் பார்க்கிற ஊரில்தான் இதுவும் நடக்கிறது.

இந்த நாட்டின் நிதிச் சந்தை ஆழமானதா, ஆழமற்றதா? ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியலாளர்கள் இந்தக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல முயன்று வருகிறார்கள். எந்த எண்ணை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. வளரும் நாடுகளில் அந்த வேறுபாடு மிகப் பெரியது. இந்தியாவை வைத்தே அதைப் பார்க்கலாம்.

முதலில் முறையாக அளக்கத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ரேமண்ட் கோல்ட்ஸ்மித். 1969இல் வெளிவந்த தன் நூலில் 35 நாடுகளுக்கு 1860 முதல் 1963 வரையிலான கணக்குகளைத் திரட்டினார். வங்கி, காப்பீடு போன்ற நிதி நிறுவனங்களின் சொத்து மதிப்பைத் தேசிய உற்பத்தியால் வகுத்துப் பார்த்தார். நாடு வளர வளர இந்த விகிதமும் ஏறுகிறது என்று கண்டார். எது காரணம், எது விளைவு என்பதை அவரால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. இந்தியாவின் 1860–1977 காலத்து நிதி வளர்ச்சியைப் பற்றித் தனி நூலே பின்னால் எழுதினார்.

அடுத்து வந்த எளிய அளவுகோல், நாட்டில் புழங்கும் பணத்தையும் வங்கி டெபாசிட்டையும் கூட்டி ஜிடிபியால் வகுப்பது. எல்லா நாட்டு மத்திய வங்கியிடமும் இந்தப் புள்ளிவிவரம் இருப்பதால் இது பரவலானது. ஆனால் டெபாசிட் சேர்வது ஒன்று, அது யாருக்குக் கடனாகப் போகிறது என்பது வேறொன்று. 1990களின் தொடக்கத்து இந்தியாவே இதற்கு நல்ல சாட்சி. அன்று வங்கிகள் வாங்கிய டெபாசிட்டில் 15 சதவீதத்தை ரிசர்வ் வங்கியிடம் ரொக்க இருப்பாக வைக்க வேண்டும். 38.5 சதவீதத்தை எஸ்எல்ஆர் என்ற பெயரில் பெரும்பாலும் அரசுப் பத்திரங்களில் போட வேண்டும். நூறு ரூபாய் டெபாசிட் வந்தால் 53 ரூபாய்க்கு மேல் முதலிலேயே போய்விடும். டெபாசிட் விகிதம் ஏறிக்கொண்டே இருந்தது, சிறு தொழில் செய்கிறவர் வங்கி வாசலில் காத்துக்கொண்டே இருந்தார். ரொனால்டு மெக்கின்னனும் எட்வர்டு ஷாவும் 1973இல் தனித்தனியாக எழுதிய நூல்களில் எச்சரித்தது இந்த நிலையைத்தான். வட்டியை அரசு கட்டிப்போட்டு, பணத்தையும் அரசே முதலில் எடுத்துக்கொண்டால் நிதித்துறை ஒடுங்கிப்போகும் என்பது அவர்கள் வாதம். எஸ்எல்ஆர் இன்று 18 சதவீதம்.

டெபாசிட் கணக்கின் இன்னொரு குறையை 2016 நவம்பரில் நாம் எல்லோரும் வரிசையில் நின்று பார்த்தோம். புழக்கத்தில் இருந்த பணத்தில் மதிப்பளவில் 86 சதவீதம் செல்லாது என்றானதும் வங்கிகளில் டெபாசிட் குவிந்தது. நிதித்துறை ஒரே மாதத்தில் ஆழமாகிவிட்டதா? அந்த நிதியாண்டில் வங்கிக் கடன் வளர்ச்சி பல பத்தாண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்திருந்தது.

ஆகவே ஆய்வாளர்கள் டெபாசிட்டை விட்டுக் கடனுக்கு வந்தார்கள். தனியாருக்கு, அதாவது குடும்பங்களுக்கும் தொழில்களுக்கும் தரப்பட்ட கடன், ஜிடிபியில் எத்தனை சதவீதம்? ராபர்ட் கிங்கும் ராஸ் லெவினும் 1993இல் சுமார் 80 நாடுகளின் 1960–1989 புள்ளிவிவரத்தை வைத்து, நிதித்துறை ஆழமாக இருந்த நாடுகள் அடுத்து வந்த ஆண்டுகளிலும் வேகமாக வளர்ந்தன என்று காட்டினார்கள். அதன்பின் தனியார் கடன் விகிதம்தான் உலக வங்கி முதல் கல்லூரிப் பாடநூல் வரை ‘ஆழம்’ என்பதற்கான முதல் எண்ணாகிவிட்டது. உலக வங்கிக் கணக்கில் இந்தியாவுக்கு இது சுமார் 50 சதவீதம். வியட்நாமில் 100 சதவீதத்துக்கு மேல். சீனாவில் 200 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது.

இந்த எண்ணை அப்படியே நம்பி எழுதுகிற தலையங்கங்கள் நிறைய வருகின்றன. கொஞ்சம் உள்ளே பார்த்தால் நம்பிக்கை தளரும். இந்தியாவின் 50 சதவீதத்தில் பெரும்பகுதி வங்கிக் கடன். வங்கியல்லாத நிதி நிறுவனங்கள், நிறுவனங்கள் வெளியிட்ட கடன் பத்திரங்கள், வெளிநாட்டுக் கடன் ஆகியவற்றையும் சேர்த்து ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரில் உள்ள சர்வதேசத் தீர்வு வங்கி வெளியிடும் கணக்கில் இந்தியாவின் விகிதம் சுமார் 90 சதவீதம். நாடு ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான், ஆழம் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வகுக்கும் எண்ணும் நிலையானதில்லை. நைஜீரியா 2014 ஏப்ரலில் தன் ஜிடிபி கணக்கிடும் அடிப்படை ஆண்டைப் புதுப்பித்தது. கைபேசிச் சேவை, திரைப்படத்துறை போன்ற, பழைய கணக்கில் சரியாக இடம்பெறாத தொழில்கள் உள்ளே வந்தன. 2013ஆம் ஆண்டின் ஜிடிபி ஒரே அறிவிப்பில் 89 சதவீதம் பெரிதானது. கடன் தொகையில் ஒரு நைரா கூட மாறவில்லை, ஆனால் கடன்–ஜிடிபி விகிதம் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்டது. பதிவேட்டுக்கு வெளியே பாதித் தொழில் நடக்கிற நாடுகளில் ஜிடிபியே ஒரு மதிப்பீடு. அதன்மேல் கட்டிய விகிதமும் மதிப்பீடுதான்.

எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுகிற குறை வேறு. இந்த விகிதம் நல்ல கடனையும் கெட்ட கடனையும் ஒன்றாகவே எண்ணுகிறது. 2000களின் நடுவிலிருந்து மின்சாரம், எஃகு, சாலைத் திட்டங்களுக்கு இந்திய வங்கிகள் அள்ளிக் கொடுத்தபோது விகிதம் ஏறியது, ‘நிதி ஆழம் கூடுகிறது’ என்றுதான் அட்டவணைகள் சொல்லின. அந்தக் கடன்களில் பல திரும்பவில்லை. 2018 மார்ச்சில் வங்கிகளின் மொத்த வாராக்கடன் விகிதம் 11 சதவீதத்தைத் தாண்டியது. ஏறுகிற ஆண்டுகளில் ஆழம் என்று எண்ணியதில் ஒரு பகுதி பள்ளம்.

பங்குச் சந்தைக்கு வருவோம். இங்கே வழக்கமான அளவு, பட்டியலிட்ட நிறுவனங்களின் சந்தை மதிப்பை ஜிடிபியால் வகுப்பது. இதில் விலையும் அளவும் ஒட்டிப் பிறந்தவை. 2007 டிசம்பரில் இந்தியாவின் சந்தை மதிப்பு ஜிடிபியைவிடக் கணிசமாக அதிகம். அமெரிக்க வங்கி நெருக்கடிக்குப் பின் 2009 மார்ச்சில் அது ஜிடிபியில் ஏறக்குறையப் பாதி. இடையில் எந்தத் தொழிற்சாலையும் காணாமல் போகவில்லை, எந்தப் பங்குச் சந்தையும் மூடப்படவில்லை. பதினைந்து மாதங்களில் விலை இறங்கியது, அவ்வளவுதான்.

இதைவிடத் தெளிவான உதாரணம் சவூதி அரேபியா. 2019 டிசம்பரில் அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ, ரியாத் சந்தையில் தன் பங்குகளில் 1.5 சதவீதத்தை மட்டும் விற்றது. ஆனால் சந்தை மதிப்பைக் கணக்கிடும்போது நூறு சதவீதப் பங்கையும் விலையால் பெருக்குவார்கள். அதனால் 1.7 லட்சம் கோடி டாலர் ஒரேயடியாகச் சேர்ந்தது. சவூதி ஜிடிபியே அப்போது சுமார் 80,000 கோடி டாலர்தான். சந்தை–ஜிடிபி விகிதம் உலகின் உச்சங்களில் ஒன்றாகிவிட்டது. பொதுமக்களிடமும் முதலீட்டு நிறுவனங்களிடமும் திரட்டியது 2,560 கோடி டாலர்.

இந்தியாவிலும் இதே சிக்கல் சிறிய அளவில் உண்டு. பட்டியலிட்ட நிறுவனங்களின் பங்குகளில் சுமார் பாதி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் ப்ரோமோட்டர்கள் கையில் இருக்கிறது. அவை சந்தைக்கு வருவதே அரிது. அதனால்தான் சென்செக்ஸ் 2003இலும் நிஃப்டி 2009இலும், பொதுமக்களிடம் புழங்கும் பங்குகளை மட்டும் கணக்கில் எடுக்கும் முறைக்கு மாறின. பட்டியலிட்ட நிறுவனத்தில் குறைந்தது 25 சதவீதப் பங்கு பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்ற விதி 2010இல் வந்தது. குறியீட்டெண்களைக் கணக்கிடுகிறவர்கள் திருத்திக்கொண்டதை, நாட்டின் ஆழத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை. தலைப்புச் செய்தியில் வருவது எப்போதும் முழு மதிப்புதான்.

சரி, சந்தை எவ்வளவு பெரியது என்பதை விட்டுவிட்டு, அதில் எவ்வளவு வியாபாரம் நடக்கிறது என்று பார்த்தால்? அங்கேயும் கவனம் தேவை. பங்கு விலையை ஒட்டிய ஒப்பந்தங்கள் கைமாறுகிற டெரிவேட்டிவ் சந்தைகளில், ஒப்பந்த எண்ணிக்கையில் உலகிலேயே மிகப்பெரியது நம் தேசியப் பங்குச் சந்தைதான். ஆனால் 2021–22 முதல் 2023–24 வரை எஃப் அண்ட் ஓ எனப்படும் இந்த வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டம் அடைந்தார்கள் என்று, பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் ஆய்வு 2024 செப்டம்பரில் சொன்னது. மூன்று ஆண்டுகளில் அவர்கள் இழந்த தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். குடும்பச் சேமிப்பைத் தொழிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் சந்தையின் வேலை என்றால், இந்தப் பரபரப்பை ஆழம் என்ற கணக்கில் எழுத என் மனம் ஒப்பவில்லை.

இதுவரை சொன்னது நாட்டை எட்டத்தில் நின்று பார்க்கிற அளவுகள். சந்தைக்குள்ளே நின்று பார்க்கிற இன்னொரு வகை ஆழம் இருக்கிறது. என் பார்வையில் அளவியலின் அழகு அங்கேதான் கூடுதல். ஆல்பர்ட் கைல் என்ற பொருளியலாளர் 1985இல் ஒரு சந்தையின் குணத்தை மூன்றாகப் பிரித்தார்: வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி எவ்வளவு குறுகியது, விலையை ஒரு ரூபாய் நகர்த்த எவ்வளவு பெரிய ஆர்டர் தேவை, நகர்ந்த விலை எவ்வளவு வேகமாகப் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. நடுவில் இருப்பதைத்தான் அவர் ஆழம் என்றார்.

பங்கு வியாபாரம் செய்கிறவர்கள் இதைத் தினமும் கைபேசியில் பார்க்கிறார்கள். பங்கின் பெயரைத் தொட்டால் ‘மார்க்கெட் டெப்த்’ என்று ஒரு பெட்டி திறக்கும். இடப்பக்கம் வாங்க நிற்பவர்கள் ஐந்து வரி, வலப்பக்கம் விற்க நிற்பவர்கள் ஐந்து வரி. ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். வாங்குகிற பக்கம் அதிகபட்ச விலை 99.90. விற்கிற பக்கம் முதல் வரியில் 200 பங்கு 100.10 ரூபாய்க்கு, அடுத்து 300 பங்கு 100.20க்கு, அதற்கடுத்து 500 பங்கு 100.60க்கு நிற்கின்றன. இரு பக்கத்து முதல் விலைகளின் நடுப்புள்ளி 100 ரூபாய். இதை இலட்சிய விலை என்று வைத்துக்கொள்கிறார்கள்.

200 பங்கு வாங்குகிறவருக்கு ஒரு பங்குக்கு 10 காசு கூடுதல், அதாவது 0.10 சதவீதம். 1,000 பங்கு வாங்குகிறவர் மூன்று வரியையும் காலி செய்வார். அவர் கொடுப்பது 1,00,380 ரூபாய், பங்குக்குச் சராசரி 100.38. கூடுதல் 0.38 சதவீதம். இனி 5,000 பங்கு கேட்டு ஒருவர் வருகிறார் என்போம். நான்காவது வரியில் 1,000 பங்கு 102 ரூபாய்க்கும், ஐந்தாவது வரியில் 3,000 பங்கு 104 ரூபாய்க்கும் நிற்கின்றன. மொத்தம் 5,14,380 ரூபாய், சராசரி 102.88. இலட்சிய விலையைவிட 2.88 சதவீதம் அதிகம். அவர் தரகரிடம் கட்டுகிற கமிஷனைவிட இது பல மடங்கு. எந்த ரசீதிலும் இது அச்சாவதில்லை.

இந்தக் கூடுதலுக்குப் பெயர் இம்பாக்ட் காஸ்ட், தாக்கச் செலவு. இந்தியாவில் இதை அளக்க முடிந்ததே 1994 நவம்பரில் தேசியப் பங்குச் சந்தை கணினித் திரையில் வியாபாரம் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன் மும்பைத் தலால் தெருவின் கூடத்தில் தரகர்கள் கூவி வியாபாரம் செய்தபோது, யார் எந்த விலைக்கு எவ்வளவு கேட்டார் என்ற பதிவே இல்லை. ஆர்டர்கள் எல்லாம் கணினியில் ஏறியதும் எந்த நொடியிலும் ஒரு கற்பனை ஆர்டரைப் போட்டுப் பார்த்து, எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட முடிந்தது. அஜய் ஷா, சூசன் தாமஸ் இருவரும் 1990களின் நடுவில் இந்த அளவைச் செம்மைப்படுத்தினார்கள். 1996இல் நிஃப்டி அறிமுகமானபோது பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் தகுதிகளில் ஒன்றாக அதுவே வந்தது. இன்றைய விதி: 10 கோடி ரூபாய் அளவுள்ள வியாபாரத்துக்கு, எடுத்துப் பார்த்த தருணங்களில் 90 சதவீதத்தில், தாக்கச் செலவு 0.50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நம் நாட்டில் செம்மையாகி நடைமுறைக்கு வந்த, உலகத்தரமான அளவுகோல் இது. இதைப் பற்றி நாம் போதிய அளவு பெருமைப்படுவதில்லை.

இந்தக் கண்ணால் பார்த்தால் இந்தியப் பங்குச் சந்தை ஒரே சந்தையாகத் தெரியாது. உச்சியில் இருக்கிற ஐம்பது, நூறு நிறுவனங்களில் கோடிக்கணக்கில் வாங்கினாலும் விலை அசையாது. மும்பைச் சந்தையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பட்டியலில் இருக்கின்றன. அடித்தட்டில் உள்ளவற்றில் சில லட்ச ரூபாய் ஆர்டரே விலையை அன்றைய உச்ச வரம்பான அப்பர் சர்க்யூட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். வாங்க ஆள் வரிசையில் நிற்க, விற்க ஒருவரும் இருக்க மாட்டார். இறங்கும்போது கதை தலைகீழ்: விற்க வேண்டியவர் நாள்கணக்கில் லோயர் சர்க்யூட்டில் மாட்டிக்கொள்வார். திரையில் தெரிகிற விலை அவருக்குக் கிடைக்காத விலை. சந்தை மதிப்பைக் கூட்டும்போது அந்தக் கிடைக்காத விலையும் சேர்ந்தேதான் கூட்டப்படுகிறது.

ஆர்டர் புத்தகத்தின் முழுப் பதிவு பல வளரும் நாடுகளில் கிடைப்பதில்லை. அங்கே ஆய்வாளர்கள் கண்டுபிடித்த வழி வியக்க வைக்கும் அளவுக்கு எளிமையானது. ஓராண்டில் எத்தனை நாள் ஒரு பங்கின் விலை அசையாமல் அப்படியே இருந்தது என்று எண்ணுகிறார்கள். வாங்கி விற்கும் செலவு அதிகமாக இருந்தால், சின்னச் செய்திக்காக யாரும் வியாபாரம் செய்ய மாட்டார்கள், விலை அப்படியே நிற்கும். அசையாத நாட்கள் கூடக் கூட, சந்தை ஆழமற்றது என்று பொருள். கீர்ட் பெக்கர்ட், கேம்பெல் ஹார்வி, கிறிஸ்டியன் லண்ட்பிளாட் மூவரும் 2007இல் வளரும் சந்தைகளை ஒப்பிட இந்த எண்ணிக்கையைத்தான் பயன்படுத்தினார்கள். தினசரி இறுதி விலை ஒன்றே போதும் என்பதால், பெரிய தரவுத்தளம் எதுவும் இல்லாத சிறிய சந்தையைக்கூட இப்படி அளந்துவிடலாம்.

கடன் பத்திரச் சந்தையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அங்கே சொல்ல அதிகம் இல்லை. இந்திய நிறுவனங்களின் கடன் பத்திரங்கள் பெரும்பாலும் சில பெரிய முதலீட்டாளர்களிடம் தனிப்பட்ட முறையில் விற்கப்பட்டு, முதிர்வு வரை அங்கேயே தங்கிவிடுகின்றன. அரசுப் பத்திரங்களிலும் வியாபாரம் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில்தான் குவிகிறது. ஜிடிபியோடு ஒப்பிட்டால் நிறுவனக் கடன் பத்திரச் சந்தையில் மலேசியா நமக்கு வெகுதூரம் முன்னால் போய்விட்டது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுகிற அளவுக்கு வருகிறேன். அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது தலைமடைக்காரருக்கு நல்ல செய்தி, கடைமடைக்காரர் கேட்பது என் வயலுக்கு எப்போது வரும் என்பதுதான். நிதித்துறையில் கடைமடையை அளக்க ஆழம் போதாது, பரவலும் வேண்டும்.

இதில் இந்தியாவின் முன்னேற்றத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையாகாது. உலக வங்கியின் ஃபைன்டெக்ஸ் ஆய்வின்படி 2011இல் வயதுவந்த இந்தியர்களில் 35 சதவீதம் பேருக்குத்தான் கணக்கு இருந்தது. 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் தொடங்கியது. 2017இல் 80 சதவீதம் ஆனது. இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு பேர் வங்கிக்குள் வந்ததற்கு உலகில் ஒப்புமை மிகக் குறைவு. ஆனால் அதே 2017 ஆய்வில், கணக்கு வைத்திருந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் முந்தைய ஓராண்டில் அதில் ஒருமுறைகூடப் பணம் போடவோ எடுக்கவோ இல்லை. பின்னர் வந்த சுற்றுகளில் இது குறைந்திருக்கிறது. கணக்கு திறப்பது முதல் படி, அதில் கடன் கிடைப்பது வெகுதூரத்தில் உள்ள படி. வங்கிக் கடனில் பாதிக்கும் மேல் மாநகரக் கிளைகளில் தரப்படுகிறது. கிராமக் கிளைகளின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

மாநிலங்களுக்கு இடையேயும் இதே கதை. கிளைகள் வாங்கிய டெபாசிட்டில் எத்தனை சதவீதத்தை அங்கேயே கடனாகத் தந்தன என்பது கடன்–டெபாசிட் விகிதம். தமிழ்நாட்டில் இது 100 சதவீதத்தை ஒட்டியும் தாண்டியும் நிற்கிறது, பீகாரில் அதில் ஏறக்குறையப் பாதி. பீகார் உழைப்பாளி சேமித்த நூறு ரூபாயில் கணிசமான பகுதி வேறு மாநிலத் தொழிலுக்கு முதலாகிறது. இந்த எண்ணையும் எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும்: மும்பைக் கிளையில் அனுமதித்த கடன் ஒடிசாவில் ஆலை கட்டப் போகலாம். ரிசர்வ் வங்கி கடன் அனுமதித்த இடம், பயன்பட்ட இடம் இரண்டையும் வெளியிடுவது அதனால்தான்.

குடும்பங்களின் பக்கமிருந்து பார்க்கிற கணக்கு இன்னும் தெளிவானது. 2017இல் தருண் ராமதுரை தலைமையிலான ரிசர்வ் வங்கிக் குழு, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் வீடு, நிலம், பிற பொருட்களிலும், 11 சதவீதம் தங்கத்திலும், 5 சதவீதம் மட்டுமே வங்கி டெபாசிட், காப்பீடு, பங்கு போன்ற நிதிச் சொத்துகளிலும் இருப்பதாகச் சொன்னது. அதன்பின், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்குகள் பெருகின. 2020 மார்ச்சில் சுமார் 4 கோடியாக இருந்தவை நான்கே ஆண்டில் 15 கோடியைத் தாண்டின. ஒருவரே பல கணக்கு வைத்திருப்பதால் ஆட்களைத் தனியாக எண்ண வேண்டும். தேசியப் பங்குச் சந்தையில் தனித்த முதலீட்டாளர்கள் 10 கோடியை எட்டியது 2024 ஆகஸ்டில்.

கடன் பக்கத்துக்கு நம்மிடம் ஒரு அரிய சொத்து இருக்கிறது. 1951–52இல் ரிசர்வ் வங்கி நாடு முழுவதும் கிராமக் கடன் ஆய்வு நடத்தியது. விவசாயி வாங்கிய கடனில் அரசு, கூட்டுறவு, வணிக வங்கி மூன்றும் சேர்ந்து தந்தது வெறும் 7 சதவீதம். வணிக வங்கியின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஏறக்குறைய 70 சதவீதம் வட்டிக்கு விடுபவர்களிடமிருந்து. 1969 ஜூலையில் 14 வங்கிகள் அரசுடைமை ஆனதற்கும், அதன்பின் கிராமங்களுக்குக் கிளைகள் போனதற்கும் இந்த எண்கள் பின்னணி. 1977 முதல் 1990 வரை, ஏற்கெனவே கிளை உள்ள ஊரில் இன்னொன்று திறக்க வேண்டுமானால் கிளையே இல்லாத நான்கு ஊர்களில் திறக்க வேண்டும் என்ற விதி இருந்தது. 1969க்கும் 1990க்கும் இடையே 30,000க்கும் மேற்பட்ட கிராமங்கள் முதன்முறையாக வங்கியைப் பார்த்தன. ராபின் பர்கெஸ், ரோகிணி பாண்டே இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கிளைகள் கிராமப்புற வறுமையைக் குறைத்தன என்று காட்டியது. கடன் திரும்பாமல் வங்கிகளுக்கு நட்டம் வந்ததும் உண்மை. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அந்த 1951–52 ஆய்வின் வழிவந்ததுதான் அகில இந்தியக் கடன்–முதலீட்டு ஆய்வு. 2013இல் கிராமக் குடும்பங்களின் கடனில் 56 சதவீதம் முறைசார்ந்த நிறுவனங்களிடமிருந்து வந்தது. 2019இல் 66 சதவீதம். ஏழு சதவீதத்திலிருந்து அறுபத்தாறு. எழுபது ஆண்டுகளில் நடந்த இந்த ஏற்றத்தை நான் பங்குச் சந்தையின் எந்தச் சாதனையைவிடவும் பெரிதாக மதிக்கிறேன். மீதி 34 சதவீதம் எந்த விகிதத்திலும் வராது. தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தமிழ்நாட்டில் கந்து வட்டியைத் தடுக்க 2003இல் சட்டமே வந்தது. சட்டம் தேவைப்பட்டதே, சந்தை அந்த இடத்தை எட்டவில்லை என்பதற்குச் சான்று.

கடன் பாய்ந்தால் போதும் என்றும் நினைத்துவிட முடியாது. ஆந்திரத்தில் 2000களில் சிறுகடன் நிறுவனங்கள் போட்டி போட்டுக் கிராமப் பெண்களுக்குக் கடன் கொடுத்தன. ஒரே குடும்பம் பல இடங்களில் வாங்கி, ஒன்றை அடைக்க இன்னொன்று என்று சுழன்றது. வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் வந்து, 2010 அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் போட, மொத்தத் துறையும் நிலைகுலைந்தது. நாட்டளவிலும், தனியார் கடன் ஜிடிபியின் 100 சதவீதத்தை நெருங்கிய பிறகு கூடுதல் கடன் வளர்ச்சிக்கு உதவுவது நின்றுவிடுகிறது என்று ஷான்-லூயி அர்கான், என்ரிகோ பெர்க்கெஸ், உகோ பனிஸா மூவரின் ஆய்வு காட்டியது.

இத்தனை சிக்கலையும் ஒரே எண்ணில் அடக்கும் முயற்சிகளும் நடக்கின்றன. சர்வதேசச் செலாவணி நிதியம் ஆழம், பரவல், செயல்திறன் மூன்றையும் வங்கிகளுக்கும் சந்தைகளுக்கும் தனித்தனியே அளந்து, 180க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரு குறியீட்டெண் தருகிறது. ரிசர்வ் வங்கி 2021 முதல் நிதி உள்ளடக்கக் குறியீடு வெளியிடுகிறது. 2021 மார்ச்சில் 53.9 ஆக இருந்தது 2024 மார்ச்சில் 64.2. இதில் எட்டும் தூரத்துக்கு 35, பயன்பாட்டுக்கு 45, தரத்துக்கு 20 என்று எடை போடுகிறார்கள். பயன்பாட்டுக்கு அதிக எடை கொடுத்தது சரியான முடிவு. ஆனால் ஒரே எண்ணுக்குள் போனால், எந்த மாவட்டத்தில் யாருக்கு என்ன வட்டி என்பது மறைந்துவிடுகிறது. கூட்டுக் குறியீடுகளைவிட, பிரித்துப் போட்ட பத்து எளிய எண்களே கொள்கை வகுக்கிறவருக்கு உதவும் என்பது என் முடிவு.

பங்குச் சந்தை மதிப்பு நொடிக்கு நொடி புதுப்பிக்கப்படுகிறது. வங்கிக் கடன் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. குடும்பங்கள் யாரிடம், என்ன வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கின்றன என்று நேரில் போய்க் கேட்கிற அகில இந்தியக் கடன்–முதலீட்டு ஆய்வோ பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிறது. மத்திய அரசு அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை நடத்த வேண்டும், மாவட்ட வாரியாக முடிவுகள் சொல்லும் அளவுக்கு மாதிரியைப் பெரிதாக்க வேண்டும். அதற்காகும் செலவு இந்த நாட்டின் நிதித்துறைக்கு முன்னால் மிகச் சிறியது. அதுவரை, ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் காலாண்டுக்கு ஒருமுறை மாவட்டவாரியாக டெபாசிட்டும் கடனும் வெளியாகின்றன. உங்கள் மாவட்டத்தின் இரண்டு எண்களையும் எடுத்து வகுத்துப் பாருங்கள், பக்கத்து மாவட்டத்தோடு ஒப்பிடுங்கள், வித்தியாசம் பெரிதாக இருந்தால் ஏன் என்று உங்கள் மாவட்ட முன்னோடி வங்கி அலுவலகத்தில் கேளுங்கள்.